இளையோர் தற்கொலை: தடையும் அருளும்

பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில், விசைத்தறி ஓசை ஓயாத நம் சங்கரன்கோவிலிலும் பல இல்லங்களில் அச்சம் குடிகொள்கிறது. தோற்றவர் ஓராண்டை இழக்காதிருக்கத் தமிழக அரசு துணைத்தேர்வை ஏற்படுத்தியது. 2017இல் தரவரிசை அறிவிப்பையும் கைவிட்டது. நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் தேர்வுத் தோல்வி ஒன்றே ஓர் இளம் உயிரைப் பறிப்பதில்லை.

பல காரணங்கள் ஒன்றுகூடியே இத்துயரை விளைவிக்கின்றன என்பர் மனநல மருத்துவர்கள். மனச்சோர்வு நோய், முன்னரே ஒருமுறை முயன்றிருத்தல், பெற்றோரின் இழப்பு, இல்லத்தில் குடியும் அடிதடியும், பாலியல் கொடுமை, சக மாணவரின் கேலி, பலர் முன்னிலையில் அவமதிப்பு ஆகியன அவற்றுள் முதன்மையானவை. தேர்வு முடிவோ ஒரு கடுஞ்சொல்லோ இவற்றின்மேல் ஏறும் இறுதிச் சுமையாகிவிடுகிறது. வளரிளம் பருவத்தில் உணர்ச்சி வேகம் மிகுதி. அதன் உச்சம் பெரும்பாலும் நெடுநேரம் நீடிப்பதில்லை. அவ்வேளையில் அருகில் ஒருவர் இருப்பதும், வேளாண் இல்லங்களில் பூச்சிமருந்து கைக்கெட்டாமல் பூட்டப்பட்டிருப்பதும் உயிர் காக்கும். கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த இலங்கையில், 1995க்குப் பின் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன.

தற்கொலை ஹராம் என்பதை நம் பிள்ளைகள் அறிவர். ஆனால் அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் அத்தடையோடு நிற்கவில்லை. அல்லாஹ்வின் அருளை நினைவூட்டியே நிறைவுறுகிறது. தடையைப் போதித்த நாம் அருளைப் போதித்தோமா? பிரசவ வேதனையில், இதற்கு முன்பே இறந்திருக்கலாகாதா என ஏங்கினார் மர்யம் (அலை). அவருக்குக் கண்டனம் வரவில்லை. கவலற்க என்ற ஆறுதலும், அருகில் நீரூற்றும், கனிந்த பேரீச்சம்பழமுமே கிடைத்தன.

தொழுகைக்கு வராத மாணவனொருவனை ஈமான் குறைந்தவன் எனக் கடிந்த நாள் நமக்கும் உண்டு. பல இரவுகள் அவன் உறங்கியிருக்கவில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். அல்லாஹ்வின் உதவியால், காலம் கடந்துவிடவில்லை.

பிள்ளை தனித்தொதுங்கினால், உறக்கமும் உணவும் குலைந்தால், தன்னால் எவருக்கும் பயனில்லை என்று பேசினால், அதை நடிப்பு எனத் தள்ளலாகாது. இறக்க எண்ணுகிறாயா எனக் கனிவுடன் நேரே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மனம் திறக்க வழி பிறக்கிறது. பின்னர் அவனைத் தனியே விடாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வது கடமை. 104, 14416 ஆகிய எண்களிலும் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.