மிளகு வாசம், எலுமிச்சை வாசம்! கஞ்சா மூட்டையை காட்டிக் கொடுக்கும் எண்ணெய்

மூக்கு பிடித்தால் போதுமா? கோர்ட்டில் நிற்குமா?

கடலூர்,–

கஞ்சா மூட்டையை போலீசுக்கு காட்டிக் கொடுப்பது பல நேரங்களில் அதன் நெடிதான். ஆனால் போதை ஏற்றும் பொருளுக்கு வாசனையே கிடையாது! மூக்கைத் துளைப்பது வேறு சங்கதி. அது நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கிறது.

இது பற்றிய விவரம் வருமாறு:–

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற ரசாயனம். நெடிக்குக் காரணம் 'டெர்பீன்' என்ற எண்ணெய் வகை. பெயிண்டர்கள் டர்பன்டைன் வாங்குகிறார்களே, அதிலிருந்து வந்த பெயர் இது. கஞ்சாப் பூவின் மேல் பிசுபிசுவென்று பொடி முடிகள் இருக்கும். இரண்டு சரக்கும் ஊறுவது அங்கேதான்.

மளிகைக் கடை வாசம்

மிளகிலும் கிராம்பிலும் இருப்பது 'காரியோபிலீன்'. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் தெறிப்பது 'லிமோனீன்'. மாம்பழத்தில் 'மிர்சீன்'. கொத்தமல்லி விதையில் மணப்பது 'லினலூல்'. இத்தனையும் கஞ்சாவிலும் இருக்கின்றன.

அப்படியானால் மளிகைக் கடைக்காரர் எல்லாம் மாட்டிக் கொள்வாரா? மாட்டார். எது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். போதாக்குறைக்கு, கந்தகம் கலந்த ஒரு பொருளும் கஞ்சாவில் இருப்பதை 2021-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பூண்டு நாற்றத்துக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. துளி இருந்தாலும் போதும், ஊரைக் கூட்டும்.

'ஒசத்தி சரக்கு' மோசடி

ஆந்திரா–ஒடிசா எல்லை மலைகளில் விளைவதற்கு 'சீலாவதி' என்று பெயர். கேரளாவில் 'இடுக்கி கோல்டு'. அந்தப் பெயரில் 2013-ல் மலையாளப் படமே வந்தது. ரகத்துக்கு ரகம் வாசம் மாறும். அதைச் சொல்லியே விலையை ஏற்றுகிறார்கள்.

ஆனால் வாசம் போதையின் அளவைச் சொல்லாது. டெர்பீன் காற்றில் பறந்துவிடும். பழைய சரக்கு வைக்கோல் மாதிரி வாசம் அடிக்கும். டி.எச்.சி. அப்போதும் உள்ளே இருக்கும். 'வாசமே இல்ல, ஒண்ணும் பண்ணாது' என்று நினைக்கும் வாலிபர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நாயை ஏமாற்ற முடியுமா?

மசாலா, காபித்தூளுக்கு நடுவே மறைத்துக் கொண்டு வருகிறவர்களும் உண்டு. நமக்கு சாம்பார் என்றால் ஒரே வாசம். மோப்ப நாய்க்கு பருப்பு தனி, புளி தனி, பெருங்காயம் தனி!

மூக்கு சாட்சி சொல்லுமா?

நெடி வந்தால் போலீசார் சந்தேகப்படலாம். நெடியை மட்டும் வைத்து தண்டனை வாங்கித் தர முடியாது. மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே மைக்ராஸ்கோப்பில், வளைந்த நகம் போன்ற இலை முடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரசாயனம் ஊற்றினால் ஊதா நிறம் வருகிறதா என்றும் பார்ப்பார்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. சிப்காட் நாற்றம் பற்றி வாயால் புகார் சொல்லிப் பார்த்த கிராமத்து மக்கள், 2004-ல் பக்கெட்டில் காற்றைப் பிடித்து சோதனைக்கு அனுப்பினார்கள். மூக்கு புகார்தான் கொடுக்கும். நிரூபிப்பது ஆய்வுக்கூடம்.

20 கிலோவைத் தாண்டினால் 20 ஆண்டு வரை

1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி, 1 கிலோவுக்குக் குறைவாக கஞ்சா வைத்திருந்தால் 1 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் போனால் 10 ஆண்டு வரை ஜெயில். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. ஜாமீன் கிடைப்பதும் குதிரைக் கொம்பு.

பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு பெற சட்டத்தில் வழி உண்டு. மறுவாழ்வு உதவிக்கு 14446.

ரயில் பயணிகளே, உஷார்!

விழுப்புரத்தில் ஏறி திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், சிதம்பரம் என்று போகும் பயணிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'அண்ணே, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க, டீ குடிச்சிட்டு வந்துடறேன்' என்பார் ஒருவர். சிதம்பரம் வந்துவிடும். ஆள் வரமாட்டார். போலீஸ் வரும்.

பை உங்கள் வசம் இருந்தது என்று கோர்ட்டில் நிரூபணமாகிவிட்டால், 'உள்ளே என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது' என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சட்டம் அப்படி!

சீட்டுக்கு அடியில் கேட்பாரற்ற பை. அதிலிருந்து மிளகும் எலுமிச்சையும் பூண்டும் கலந்த மாதிரி ஒரு நெடி. தொடாதீர்கள், திறக்காதீர்கள், இடம் மாற்றியும் வைக்காதீர்கள். ரயிலில் 139, வெளியில் 1933. போன் போடுங்கள். மற்றதை நாய் பார்த்துக் கொள்ளும்!