இலவச வக்கீலுக்குக் கூலி யார் தருவது?

ஒருவர் குற்ற வழக்கில் கைதானால், வீட்டார் ஆட்டை விற்றும் நகையை அடகு வைத்தும் வக்கீலுக்குப் பணம் புரட்டுகிறார்கள். அரசே வக்கீல் வைத்துத் தரும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ, ‘காசில்லாமல் வரும் வக்கீல் ஒழுங்காக வாதாடுவாரா?’ என்ற சந்தேகம்.

1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டம் வாச்சாத்தியில் வனத்துறையினரும் காவல்துறையினரும் நடத்திய கொடுமைக்குப் பிறகு, பழங்குடிப் பெண்களும் குழந்தைகளும் சந்தனமர வழக்குகளில் சிறைக்குப் போனார்கள். இலவச வக்கீலுக்கு வழிசெய்யும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-லேயே இயற்றப்பட்டிருந்தும், நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பரில்தான். இன்று அதன் 12-ஆம் பிரிவு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் வக்கீல் தருகிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. வருமானத்தைக் காட்டப் பொதுவாக உறுதிமொழிப் பத்திரமே போதும்.

வக்கீலின் கூலியை அரசு இரண்டு விதமாகத் தருகிறது. ஆணைக்குழுவின் பட்டியலிலுள்ள பேனல் வக்கீலுக்கு, மாநில ஆணைக்குழு வகுத்த கட்டண அட்டவணைப்படி வழக்குக்கு இவ்வளவு என்று கணக்கு. வழக்கு முடிந்ததும் அவர் அறிக்கை தந்து தொகையைப் பெறுவார். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022-ல் கொண்டுவந்த முறையில், குற்றவியல் வழக்குகளுக்கென்றே முழுநேர வக்கீல்கள் அமர்த்தப்படுகிறார்கள். அவர்களுக்கு மாதாந்தர ஊதியம். தனியாக வழக்கு எடுக்கக் கூடாது.

ஆகவே, கட்சிக்காரரிடம் வாங்க எதுவும் மிச்சமில்லை. ‘டைப்பிங் செலவு’, ‘குமாஸ்தாவுக்கு’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தேசிய ஆணைக்குழுவின் 2010-ஆம் ஆண்டு விதிமுறைகள் அதைத் தடை செய்கின்றன. பணம் கேட்டாலோ, வாய்தாவுக்கு வராமல் இருந்தாலோ, தர்மபுரி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் புகார் தந்து, வேறு வக்கீல் கேளுங்கள். சிறையிலிருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் மூலமே மனு அனுப்பலாம்.

கேட்கத் தெரியாதவருக்கும் இந்த உரிமை உண்டு. சட்ட உதவி கேட்கவில்லை என்பதற்காக வக்கீல் இல்லாமலே விசாரித்துத் தண்டித்தது செல்லாது என்று 1986-ல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உங்கள் ஊரில் யாராவது கைதானால், அடகுக் கடைக்குப் போகும் முன் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இலவச வக்கீல் என்பது யாரோ போடும் தர்மமல்ல, உங்கள் உரிமை.