கண்ணுக்கு எட்டும் நுண்மை

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் கடற்கரை வீதியில், நிலாவெளியைக் கடந்து வடக்கே சென்றால் குச்சவெளி வரும். அவ்வூர்க் கடலோரத்துப் பாறையொன்றில் சிறு தூபிகளின் உருவங்கள் வரிசை வரிசையாகப் புடைப்பாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. அங்கேயே சமஸ்கிருத மொழியில் அமைந்த பழைய கல்வெட்டொன்றும் உண்டு. தொல்லியல் அறிஞர் சேனரத் பரணவிதான அதனைப் படித்துப் பதிப்பித்தார். நூற்றாண்டு பலவாக உப்புக் காற்றும் மழையும் வெயிலும் தாக்கியதனால் அதன் எழுத்துக்கள் பெரிதும் தேய்ந்துவிட்டன.

இன்று அப்பாறையைக் காணச் செல்பவர் எவரிடமும் கைத்தொலைபேசி ஒன்று இருக்கும். அதன் படக்கருவி ஐம்பது மெகாபிக்சல் வலிமையுடையது என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். ஐந்து கோடிப் புள்ளிகளால் ஒரு படத்தை அமைக்க வல்லது என்பது அதன் பொருள். உச்சிவேளையில் பாறையின் எதிரே நின்று படமெடுத்து, வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் கல்லின் பொரிகள் தெரியும், எழுத்துத் தெரியாது. ஐந்து கோடிப் புள்ளிகளும் இருந்தும் ஓர் எழுத்துக் கிட்டவில்லையே என்ற வியப்பு எழுகிறது. தொலைக்காட்சிப் பெட்டி வாங்கச் செல்லும் குடும்பத்தவருக்கும் இதனையொத்த ஐயம் உண்டு. பழைய பெட்டி இருக்க, அதனினும் நான்கு மடங்கு நுண்மையுடையது என்று கூறப்படும் 4கே பெட்டியைத் தவணை முறையில் வாங்கலாமா? அதற்கும் மேலான 8கே வரும்வரை காத்திருக்கலாமா? இரு கேள்விகளும் அடிப்படையில் ஒன்றே. நுண்மை கூடக் கூடப் பயனும் கூடுமா என்பதே அக்கேள்வி.

தொலைக்காட்சியின் வரலாறு இக்கேள்விக்கு ஒரு பகுதி விடை தருகிறது. 1926ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இலண்டன் மாநகரில் ஜோன் லோகி பெயர்டு தாம் அமைத்த கருவியைச் செய்து காட்டியபோது, படம் முப்பதே கோடுகளால் ஆனது. முகம் ஒன்று தெரிந்தது. அம்முகம் யாருடையது என்று தேறுவதே அரிதாயிருந்தது. பத்தாண்டு கழித்து, 1936இல் பி.பி.சி. நிலையம் 405 கோட்டு முறையில் ஒளிபரப்பியபோது முகபாவங்கள் தெளிவாயின. இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982இல் ரூபவாகினி பிறந்தது. அக்காலத்தில் இங்கு நிலவியது 625 கோட்டு முறை. முப்பதிலிருந்து அறுநூற்றுக்கு உயர்ந்ததனால் விளைந்த நன்மையை மறுப்பார் எவருமிலர். முன்னர்த் தெரியாத ஒன்று பின்னர்த் தெரிந்தது.

அதன் பின்னர் வளர்ச்சி விரைவு பெற்றது. முழு எச்.டி. எனப்படும் படத்தில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே படத்தில் 83 இலட்சம். 8கே படத்திலோ மூன்று கோடியே 31 இலட்சம். யப்பானிய ஒலிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே. 2018 டிசம்பர் முதலாந் திகதி 8கே ஒளிபரப்பை முறையாகத் தொடங்கிற்று. புள்ளிகளின் எண்ணிக்கை இவ்வாறு ஏறிக்கொண்டே செல்ல, அவற்றைப் பார்க்கும் மனிதக் கண் மட்டும் பழைய கண்ணாகவே இருக்கிறது.

கண்ணின் எல்லையை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வெள்ளைத் தாளொன்றில் இரண்டு கறுப்புக் கோடுகளை ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விட்டு வரைந்து சுவரில் ஒட்டுக. அருகில் நின்றால் கோடுகள் இரண்டாகத் தெரியும். பின்னோக்கி நடந்து சென்றால், ஏறத்தாழ மூன்றரை மீற்றர் தொலைவில் இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிடும். ஒரு பாகையை அறுபது கூறிட்டால் வரும் ஒரு கூற்றளவு இடைவெளியையே வழக்கமான நற்பார்வை பிரித்தறியும். ஒல்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862இல் வகுத்த எழுத்துப் பலகை இவ்வளவையே அடிப்படையாகக் கொண்டது. இன்றும் கண் மருத்துவமனைகளில் தொங்குவது அப்பலகையின் வழிவந்ததே. ஒளி நன்றாயிருக்க, கூரிய பார்வையுடையோர் இதனினும் நுண்ணிய வேறுபாட்டைக் காண்பர். 2025இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் ஈடுபட்டு வெளியிட்ட ஆய்வொன்று, கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பாகைக்குள் 94 புள்ளிகள் வரை மக்கள் சராசரியாகப் பிரித்தறிகின்றனர் என்று காட்டிற்று. நிறங்கள் சிலவற்றில் இவ்வெல்லை மிகக் குறைந்துவிடுகிறது.

இக்கணக்கை வீட்டு முன்கூடத்தில் வைத்துப் பார்க்கலாம். 43 அங்குலப் பெட்டியின் திரை ஏறத்தாழ 95 சென்ரிமீற்றர் அகலமுடையது. முழு எச்.டி. படமாயின் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீற்றர். ஸ்னெல்லனின் அளவுப்படி ஒன்றேமுக்கால் மீற்றருக்கு அப்பாலிருந்து பார்ப்பவர் அப்புள்ளிகளைத் தனித்தனியே காணார். கேம்பிரிட்ஜ் அளவை ஏற்றால் இத்தொலைவு இரண்டரை மீற்றரைச் சற்றுத் தாண்டும். 4கே படத்தில் புள்ளி கால் மில்லிமீற்றர். அதன் முழு நுண்மையையும் நுகர வேண்டுவோர் ஒன்றேகால் மீற்றர் அளவுக்கு நெருங்கி அமர வேண்டும். 8கே படத்துக்கோ அரை மீற்றரளவில் முகத்தைத் திரையோடு கொண்டுசெல்ல வேண்டும். குடும்பத்தோடு பாயில் அமர்ந்தோ கதிரையில் சாய்ந்தோ இரண்டரை மீற்றருக்கு அப்பாலிருந்து பார்க்கும் வீட்டில், அப்பெட்டிக்கு 8கே என்பது உண்ணாத விருந்துக்குக் கொடுத்த விலையாகும். சுவரை நிறைக்கும் பெருந்திரையும் அருகிருக்கையும் உடையவர்க்குக் கணக்கு வேறு. ஆகவே பெட்டியை அளக்குமுன் அறையை அளப்பதே முறை.

திரை நுண்மையாயிருந்தால் மட்டும் போதாது. அதனுள் வரும் படமும் நுண்மையாயிருத்தல் வேண்டும். இணையவழியே வரும் 4கே படத்துக்கு நொடியொன்றுக்குச் சுமார் 15 மெகாபிட் தரவு வேண்டுமெனக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஏழு கிகாபைட் செலவாகும். தரவு அட்டைக்குப் பணம் கட்டும் வீட்டுக்கு இது சிறு செலவன்று. தொடர்பு மெலிந்தால் படம் சுருக்கப்படும். அப்போது ஓடும் பந்தும் அசையும் அலையும் கட்டங் கட்டமாகச் சிதறும். இறுகச் சுருக்கிய 4கே படத்தைவிட, தாராளமாக அனுப்பிய எச்.டி. படம் தெளிவாயிருத்தல் உண்டு. புள்ளியின் எண்ணிக்கையைக் காட்டிலும் கருமைக்கும் வெண்மைக்குமுள்ள வேறுபாடு, நிறத்தின் உண்மை, அசைவின் சீர்மை ஆகியவையே கண்ணுக்கு முதலில் புலப்படுவன. 1996 மார்ச் 17ஆந் திகதி லாகூரில் இலங்கை அணி உலகக் கிண்ணத்தை வென்றதை இந்நாட்டவர் 625 கோட்டுப் படத்திலேயே கண்டனர். அம்மகிழ்ச்சியில் கோடு குறைந்ததென்று எவரும் குறைகூறியதில்லை.

வானொலி நேயர்க்கு இவ்வுண்மை புதிதன்று. இளஞ்செவி நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்க வல்லது. மத்திய அலை வரிசையில் வரும் ஒலியோ பெரும்பாலும் ஐயாயிரத்தைத் தாண்டாது. எனினும் செய்தி விளங்கிற்று. நாடகத்துக்கு மனம் உருகிற்று. பாடகரின் குரலை முதற்சொல்லிலேயே செவி இனங்கண்டது. பொருளை உணர்த்தப் போதுமான அளவு ஒன்று உண்டு. அதற்குக் கீழே குறைந்தால் இழப்புப் பெரிது; அதற்கு மேலே கூடினால் பேறு சிறிது.

இனிப் படக்கருவியைப் பார்ப்போர், முதலில் மழையை நினைத்தல் நன்று. முற்றத்தில் ஒரே பரப்பினுள் நூறு சிறு கிண்ணங்களை வைத்தாலும் நான்கு பெரிய பாத்திரங்களை வைத்தாலும் விழும் மழை ஒன்றே. தூறல் வேளையில் சிறு கிண்ணமொன்றில் இரண்டு துளி விழும். அடுத்ததில் ஒன்றும் விழாது. பெரும் பாத்திரங்களிலோ அளவு ஏறத்தாழச் சமமாயிருக்கும். ஒளியும் துளித்துளியாகவே விழுகிறது. கைத்தொலைபேசியின் உணரி விரல்நகத்தினும் சிறியது. அதனை ஐந்து கோடிக் கூறுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு அளவினதாகிவிடும். பகலில் இதனாற் குறையில்லை. அந்தியில் கரைசேரும் வள்ளத்தைப் படமெடுத்தாலோ, ஒளித்துளிகள் சமமாக விழாமையால் படத்தில் மணல் தூவியது போன்ற பொரி தோன்றும். ஆதலின் இக்கருவிகள் பல, நான்கு கூறுகளை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டு மெகாபிக்சல் படமாகவே இயல்பாகச் சேமிக்கின்றன. பெட்டியில் அச்சிட்ட எண் ஒன்று. கையில் கிடைக்கும் படம் வேறொன்று.

வில்லையும் ஓர் எல்லையை இடுகிறது. ஒளி அலை வடிவினது. சிறு துளையினூடே செல்லும்போது சற்றே விரியும். ஆகவே எத்துணைச் சிறந்த வில்லையும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே பதிக்காது. சிறு வட்டமாகவே பதிக்கும். கைத்தொலைபேசியின் வில்லையில் அவ்வட்டம் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டது. வட்டத்தினும் சிறிய கூறுகளை மேன்மேலும் அமைப்பதால் பெறும் பயன் விரைவில் தேய்ந்துவிடும். மறுபுறம், ஏ4 தாளில் நேர்த்தியாக அச்சிட ஒன்பது மெகாபிக்சல் போதும். குறுஞ்செய்திச் செயலியில் அனுப்பும் படம் வழியிலேயே சுருக்கப்படுவதால் அதற்கும் குறைவே போதும்.

நிலாவெளிக்கு எதிரே, குச்சவெளிப் பிரதேச செயலர் பிரிவுக்குட்பட்ட கடலில் உள்ள புறாத்தீவு இதற்கு மற்றொரு சான்று. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அத்தீவின் முருகைக் கற்களைப் படமெடுப்போர், நீருள் சில மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் மறைவதைக் காண்பர். மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறச் செய்யும். இவ்விடர்களைப் புள்ளிகள் நீக்கா. அருகே நெருங்குவதும் விளக்கொளி பாய்ச்சுவதுமே நீக்கும். 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமிமலையடிக் கடலுள் மூழ்கிப் பழைய கோயிற் சிதைவுகளைக் கண்டனர். அவர்களுக்கு மெகாபிக்சல் இல்லை. அருகே செல்லும் துணிவு இருந்தது. கலையிலும் கூர்மையே யாவுமாகாது. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரட் கமரன் எடுத்த உருவப்படங்கள் மென்மையாய் மங்கியவை என்று அக்காலத்தார் சிலர் இகழ்ந்தனர். இன்று உலகின் பெரும் நூதனசாலைகள் அவற்றைப் போற்றிக் காக்கின்றன.

அங்ஙனமாயின் உயர்ந்த நுண்மை வீணோ எனின், அன்று. அருகே சென்று ஆராய்பவர் உள்ள இடத்திலெல்லாம் அது பெருஞ்செல்வம். எக்ஸ்கதிர்ப் படத்தில் மயிரிழை போன்ற முறிவைத் தேடும் மருத்துவருக்கும், ஏட்டுச்சுவடியில் பூச்சி அரித்த எழுத்தை ஊகிக்கும் புலவருக்கும் ஒவ்வொரு புள்ளியும் பயனுடையதே. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை குச்சவெளி உட்படக் கிழக்குக் கரை முழுவதையும் தாக்கிற்று. அன்றே குயிக்பேர்ட் என்னும் செய்மதி மேற்குக் கரையிலுள்ள களுத்துறையைப் படமெடுத்தது. அப்படத்தில் ஒரு புள்ளி நிலத்தில் ஏறத்தாழ அறுபது சென்ரிமீற்றர். கரையை மூடிய நீரின் சுழிப்பும் வீடுகளும் அதில் தெரிந்தன. ஒரு புள்ளி முப்பது மீற்றராக உள்ள பழைய செய்மதிப் படத்தில் ஒரு வீடு முழுவதும் ஒரே புள்ளிக்குள் மறைந்திருக்கும். எந்தத் தெரு அழிந்தது, எந்த வீடு நிற்கிறது என்று தேடுவோர்க்கு அந்நுண்மை ஆடம்பரமன்று.

குச்சவெளிப் பாறைக்கும் இவ்விரு உண்மைகளும் பொருந்தும். தேய்ந்த எழுத்து நிறத்தால் வேறுபட்டதன்று. மிகச் சிறிய பள்ளத்தால் மட்டுமே வேறுபட்டது. உச்சிவெயில் பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றுபோல் ஒளிரச் செய்யும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டிற் சாய்ந்து விழும்போது பள்ளத்தின் ஓரத்தில் நிழல் விழும், நிழலே எழுத்தாகும். கல்வெட்டாய்வாளர் ஈரத் தாளைக் கல்லின் மேல் ஒற்றித் தூரிகையால் தட்டி மைப்படி எடுப்பதும் இப்பள்ளத்தைப் பிடிப்பதற்கே. 2001இல் டொம் மால்ஸ்பெண்டர் முதலியோர் வகுத்த முறையொன்றில், படக்கருவியை அசையாது நிறுத்தி, விளக்கை மட்டும் பல திசைகளில் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுக்கின்றனர். கணினி அவற்றை ஒன்றுசேர்க்க, பார்ப்பவர் விரும்பிய திசையிலிருந்து ஒளி விழச் செய்து எழுத்தைத் தேடலாம். முதலில் ஒளி, அடுத்து வில்லை, அதன் பின்னரே புள்ளி.

ஆயினும் அவ்வொளி அமைந்த பின், அப்படத்தை இயன்ற அளவு நுண்மையாக எடுத்து வைத்தல் கடமையாகும். கடற்காற்று ஓய்வதில்லை, கல் ஆண்டுதோறும் தேய்கிறது. இவ்வாண்டு எடுக்கும் படத்தை நூறாண்டு கழித்து ஒருவர் கோடு கோடாகப் பெரிதாக்கிப் பார்க்கக்கூடும். அன்று பாறையில் எழுத்து எஞ்சியிராவிடில் அப்படமே கல்வெட்டாக நிற்கும். அவருக்குப் பயன்படும் புள்ளியை இன்று மிச்சம் பிடித்தல் தகாது. முன்கூடத்தில் இரண்டரை மீற்றருக்கு அப்பால் அமர்ந்து நாடகம் பார்ப்பவருக்கோ அதே புள்ளி பயனற்றது. எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன், எவ்வளவு அருகிலிருந்து, எதனைக் காண்பதற்கு என்று கேட்டறிபவர் பணத்தையும் இழவார், காணவேண்டியதையும் இழவார்.