தில்லி வீட்டு விலைகளும் ஒரு நேர்கோடும்

ஒரு வீட்டின் பரப்பு தெரிந்தால் அதன் விலையை எவ்வளவு நெருக்கமாகக் கணிக்க முடியும் என்ற கேள்விக்குப் புள்ளியியல் தரும் மிக எளிய விடை, நேரியல் தொடர்புப் போக்கு என்னும் முறையாகும். விற்பனையான வீடுகள் ஒவ்வொன்றையும் வரைபடத்தாளில் ஒரு புள்ளியாகக் குறித்து, கிடை அச்சில் பரப்பையும் நெடு அச்சில் விலையையும் கொண்டால், புள்ளிகள் சிதறிக் கிடந்தாலும் பொதுவாக இடமிருந்து வலமாக மேலேறும். அந்த ஏற்றத்தை ஒரே நேர்கோட்டில் அடக்கிக் காட்டுவதே இம்முறையின் வேலை. பரப்பு ஒரு சதுர மீட்டர் கூடும்போது விலை சராசரியாக எவ்வளவு கூடுகிறது என்பதைக் கோட்டின் சாய்வு சொல்லும். கோடு நெடு அச்சைச் சந்திக்கும் இடத்துக்கு வெட்டுத்துண்டு என்று பெயர். ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையே உள்ள செங்குத்து இடைவெளி எச்சம் எனப்படும். இந்த எச்சங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் எந்தக் கோட்டுக்குத் தொகை மிகக் குறைவாக வருகிறதோ அதுவே ஏற்கத்தக்க கோடு என்னும் மீச்சிறு வர்க்க விதியை, வால்மீன்களின் பாதையைக் கணிக்கும் முயற்சியில் பிரெஞ்சுக் கணிதர் லெழாந்தர் 1805-இல் வெளியிட்டார். 1809-இல் காஸ் அதற்கு விரிவான அடிப்படை அமைத்தார்.

இம்முறையின் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காண்பதற்குத் தில்லி பொருத்தமான களம். தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு என வழங்குவது தில்லியில் சர்க்கிள் ரேட் எனப்படுகிறது. பத்திரப் பதிவின்போது சொத்துக்குக் காட்டவேண்டிய குறைந்தபட்ச மதிப்பை அரசு நிர்ணயிக்கும் இந்த ஏற்பாடு அங்கே 2007-இல் நடைமுறைக்கு வந்தது. 2014 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட அட்டவணை, நான்கு தளங்கள் வரையுள்ள கட்டடங்களில் அமைந்த தில்லி வளர்ச்சி ஆணையத்தின் அடுக்ககங்களுக்குப் பரப்பை ஒட்டி நான்கு விகிதங்களை வகுத்தது: 30 சதுர மீட்டர் வரை சதுர மீட்டருக்கு 50,400 ரூபாய், அதற்கு மேல் 50 வரை 54,480, 100 வரை 66,240, 100-ஐத் தாண்டினால் 76,200. இவை சந்தை விலைகள் அல்ல, அரசு வகுத்த கீழ்வரம்புகள் மட்டுமே. ஆயினும் எவரும் காகிதத்தில் சரிபார்க்கத்தக்க எண்கள் என்பதால், கோடு எப்படி இயங்குகிறது என்பதை இவற்றைக் கொண்டே பார்க்கலாம்.

30, 50, 100, 120 சதுர மீட்டர் பரப்புள்ள நான்கு வீடுகளை எடுத்துக்கொண்டால், அட்டவணைப்படி அவற்றின் மதிப்பு முறையே 15.12 லட்சம், 27.24 லட்சம், 66.24 லட்சம், 91.44 லட்சம் ரூபாய். பரப்புகளின் சராசரி 75. மதிப்புகளின் சராசரி 50.01 லட்சம். ஒவ்வொரு வீட்டின் பரப்பும் மதிப்பும் தத்தம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று கண்டு, அவ்விரு விலகல்களையும் பெருக்கிக் கூட்டி, பரப்பு விலகல்களின் வர்க்கக் கூட்டலான 5,300-ஆல் வகுத்தால் சாய்வு கிடைக்கிறது: சதுர மீட்டருக்குச் சுமார் 83,200 ரூபாய். கோடு சராசரிப் புள்ளி வழியே செல்லும் என்பதால் வெட்டுத்துண்டையும் உடனே கணக்கிடலாம். அது சுழிக்குக் கீழே 12.39 லட்சம்.

இரண்டு விடைகளுமே நின்று யோசிக்கத்தக்கவை. இந்த நான்கில் மிக உயர்ந்த விகிதமே 76,200 ரூபாய்தான் என்றிருக்க, கோடோ ஒவ்வொரு கூடுதல் சதுர மீட்டருக்கும் 83,200 ரூபாய் என்கிறது. பரப்பே இல்லாத வீட்டுக்கு விற்பவர் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் கொடுக்கவேண்டும் என்றும் பொருள்படுகிறது. கணக்கில் பிழை ஏதுமில்லை. பரப்பு கூடக்கூட விகிதமும் கூடுவதால் உண்மையான உறவு மேல்நோக்கி வளைகிறது. வளைவின்மீது நேர்கோட்டைப் பொருத்தினால் அது நடுவில் உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. எச்சங்களே இதைக் காட்டிக்கொடுக்கின்றன: 30 சதுர மீட்டர் வீடு கோட்டுக்கு 2.55 லட்சம் மேலேயும், 50-உம் 100-உம் முறையே 1.97 லட்சம், 4.57 லட்சம் கீழேயும், 120 மீண்டும் 3.99 லட்சம் மேலேயும் அமைகின்றன. இவ்வளவு இருந்தும், மதிப்புகளிடையே உள்ள வேறுபாட்டில் எத்தனை பங்கைக் கோடு விளக்குகிறது என அளக்கும் நிர்ணயக் கெழு 0.98-ஐத் தாண்டுகிறது. அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்துக் கோடு சிறப்பாகப் பொருந்திவிட்டது என்று முடிவுசெய்வது, இத்துறையில் மிகப் பரவலாக நிகழும் தவறு. அட்டவணையில் உள்ள படிக்கட்டையோ கோடு அறியவே அறியாது: 100 சதுர மீட்டர் வீட்டின் மதிப்பு 66.24 லட்சம் என்றால், 101 சதுர மீட்டர் வீட்டின் மதிப்பு 76.96 லட்சம், ஒரே ஒரு சதுர மீட்டருக்குப் பத்தே முக்கால் லட்சத்துக்குச் சற்றே குறைவான ஏற்றம்.

அடுக்ககங்களை விட்டுத் தனி வீடுகளுக்கு வந்தால், பரப்பு என்பதே ஒற்றை எண் அல்ல என்பது தெரியவரும். தில்லியின் குடியிருப்புகள் ஏ முதல் எச் வரை எட்டு வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 2014 அட்டவணைப்படி வசந்த் விஹார், கோல்ஃப் லிங்க்ஸ் போன்ற ஏ வகைப் பகுதிகளில் மனை சதுர மீட்டருக்கு 7,74,000 ரூபாய், எச் வகையில் 23,280 ரூபாய். கட்டடத்துக்கோ ஏ வகையில் 21,960 ரூபாய், எச் வகையில் 3,480 ரூபாய் மட்டுமே. அதையும் கட்டிய ஆண்டுக்கேற்ப, 1960-க்கு முற்பட்டதானால் 0.5 என்ற காரணியால் பெருக்கவேண்டும். 200 சதுர மீட்டர் மனையில் 300 சதுர மீட்டர் கட்டிய புது வீட்டை எடுத்துக்கொண்டால், ஏ வகையில் மனையின் மதிப்பு 15.48 கோடி, கட்டடத்தின் மதிப்பு 65.88 லட்சம்; அதாவது மொத்தத்தில் கட்டடத்தின் பங்கு ஏறத்தாழ நான்கு விழுக்காடு. எச் வகையில் அதே பங்கு பதினெட்டு விழுக்காடு. தென் தில்லியில் மனைக்காரர் பழைய வீட்டை இடிக்கக் கொடுத்து, பில்டர் தம் செலவில் தளங்களை எழுப்பி, அவற்றில் ஒன்றைத் தமக்கு எடுத்துக்கொள்ளும் கொலாபரேஷன் வழக்கம் ஏன் இவ்வளவு வேரூன்றியது என்பதை இந்த ஒரு வகுத்தல் கணக்கே பெருமளவு விளக்கிவிடும்.

ஆகவே நகரம் முழுவதற்கும் ஒரே கோடு வரைவது வீண்வேலை மட்டுமன்று, திசையையே மாற்றிக் காட்டக்கூடியது. எச் வகையில் 300 சதுர மீட்டர் மனையின் மதிப்பு 69.84 லட்சம், ஏ வகையில் 30 சதுர மீட்டர் மனையின் மதிப்பு 2.32 கோடி. இத்தகைய புள்ளிகள் மிகுந்த தொகுப்பில், பரப்பு கூடினால் விலை குறையும் என்றுகூடக் கோடு சொல்லும். பல மாறிகளை ஒரே சமன்பாட்டில் சேர்ப்பது இதற்கு மருந்து: மனைப் பரப்பு, கட்டடப் பரப்பு, கட்டடத்தின் வயது ஆகியவற்றோடு, வீடு எந்த வகைப் பகுதியில் உள்ளது என்பதையும் ஒன்று அல்லது சுழி என்னும் குறியீட்டால் நுழைக்கலாம். வளைவைச் சமாளிக்க விலை, பரப்பு இரண்டின் மடக்கையையும் எடுத்துக் கோடு பொருத்துவது வழக்கம். வீட்டை ஒரே பொருளாகக் கருதாமல், அதன் ஒவ்வொரு பண்புக்கும் உள்ள மறைமுக விலையைப் பிரித்தறியும் இந்த அணுகுமுறைக்கு ஷெர்வின் ரோசன் 1974-இல் முறையான பொருளியல் அடித்தளம் தந்தார்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். தில்லியில் மனை கஜத்தில் பேசப்படுகிறது. ஒரு கஜம் 9 சதுர அடி. அடுக்ககம் விற்பவர் மாடிப்படி, லிஃப்ட் முதலிய பொது இடங்களின் பங்கையும் சேர்த்து சூப்பர் ஏரியா என்பார்; 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்காற்றுச் சட்டமோ உள்ளே புழங்கும் இடமான கார்ப்பெட் ஏரியாவை வரையறுத்தது. இரண்டையும் கலந்து ஒரே அச்சில் குறித்தால் சாய்வு நம்பத்தகாததாகிவிடும்.

எனினும் இவை அனைத்திலும் பெரிய சிக்கல், பரப்பின் பக்கம் அல்ல, விலையின் பக்கமே இருக்கிறது. விற்பனையின் ஒரு பகுதி கணக்கில் வராத ரொக்கமாகக் கைமாறுமானால், பத்திரத்தில் எழுதப்படும் தொகை சர்க்கிள் ரேட்டை ஒட்டியே நிற்கும். அதற்குக் கீழே எழுதினால், வருமான வரிச் சட்டம், சிறு வேறுபாட்டுக்கு இடம்விட்டு, முத்திரைத்தீர்வைக்கான மதிப்பையே விற்பனைத் தொகையாகக் கொள்ளும் என்பதால் கீழே செல்லவும் எவருக்கும் காரணமில்லை. அத்தகைய பத்திரங்களைத் திரட்டிக் கோடு வரைபவர், அரசு தானே எழுதிய அட்டவணையைச் சுற்றிவளைத்துத் திரும்பக் கண்டுபிடிக்கிறாரே தவிர, தில்லிச் சந்தையை அறிவதில்லை; நிர்ணயக் கெழுவும் மிக உயர்வாக வந்து அவரை ஏமாற்றும். 2021 பிப்ரவரியில் தில்லி அரசு சர்க்கிள் ரேட்டைத் தற்காலிகமாக 20 விழுக்காடு குறைத்தபோது, கீழ்வரம்பை ஒட்டி எழுதப்படும் மதிப்புகளும் சந்தையில் எதுவும் மாறாமலே அதனுடன் இறங்க இடம் ஏற்பட்டது.

வீட்டு விலைக் குறியீட்டெண்களைத் தயாரிப்போர் இந்தச் சிக்கலை வெவ்வேறு வழியில் அணுகுகின்றனர். ரிசர்வ் வங்கி தன் குறியீட்டெண்ணுக்குப் பதிவு அலுவலகங்களின் விலைகளைப் பயன்படுத்துகிறது. தில்லியில் தலைமையகம் கொண்ட தேசிய வீட்டுவசதி வங்கி 2007-இல் தொடங்கிய ரெசிடெக்ஸ், கடன் வழங்கும் வங்கிகளும் வீட்டுவசதி நிறுவனங்களும் செய்த மதிப்பீட்டு விலைகளையும் கணக்கில் கொள்கிறது. கடன் திரும்பாமற்போனால் அந்த வீட்டை விற்றே பணத்தை மீட்கவேண்டிய வங்கிக்கு உண்மை விலையை அறிவதில் சொந்த அக்கறை உண்டு என்பதால், தில்லியைப் பொறுத்தவரை கோடு வரைய வேண்டிய புள்ளிகளை அந்த மதிப்பீட்டு அறிக்கைகளிலிருந்து எடுப்பதே நியாயமான தொடக்கம். கடன் வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கப்படும் வீடுகள் அதிலும் விடுபட்டுவிடுகின்றன.