கம்ப்யூட்டருக்குள் ஒரு காலிங் பெல்



ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள். அன்னிக்குப் பார்த்து கம்ப்யூட்டரில் நெட் நின்றுபோனால் எப்படி இருக்கும்? இதற்குப் பல காரணம் உண்டு. அதில் ஒன்று டிரைவர் கோளாறு. டிரைவர் என்றால் பஸ் ஓட்டுபவர் இல்லை! நெட்வொர்க் கார்டை இயக்கும் புரோகிராம்.

நெட்டில் எல்லாமே சின்னச் சின்ன பாக்கெட்டாகத்தான் வரும். வந்ததும் கார்டு பிராசஸருக்கு மணி அடிக்கும். இதன் பெயர் இன்டரப்ட், அதாவது குறுக்கீடு. பிராசஸர் செய்கிற வேலையை அப்படியே விட்டுட்டு ஓடி வரும்.

ஜிகாபிட் கார்டில் விநாடிக்கு 14 லட்சத்துக்கும் மேல் பாக்கெட் வரலாம். ஒவ்வொன்றுக்கும் மணி அடித்தால்? வாசலுக்கு ஓடியே பொழுது போகும், அடுப்பில் சோறு வேகாது! 1996-ல் ஜெஃப்ரி மோகல், கே.கே. ராமகிருஷ்ணன் இருவரும் இதை ஆராய்ந்து வழி சொன்னார்கள். 2003-ல் வந்த லினக்ஸ் 2.6-லும் இதுபோன்ற முறை உண்டு. முதல் மணி அடித்ததும் டிரைவர் மணியை நிறுத்திவிடும். பிறகு தானே போய் ஒரு தடவைக்கு 64 பாக்கெட் வரை எடுக்கும். எல்லாம் தீர்ந்ததும் மணியை மறுபடி போடும். போட மறந்தால் புது பாக்கெட் வந்தது தெரியாது. நெட் நின்றுவிடும்!

அடுத்த சிக்கல், கடன். டிரைவர் மெமரியை லினக்ஸிடம் கடன் வாங்குகிறது. வேலை முடிந்ததும் திருப்பித் தரணும். எந்த வரிசையில்?

நம்ம சிட்லபாக்கம் தெருவில் கல்யாணத்துக்கு முதலில் பந்தல், அடுத்து நாற்காலி, கடைசியில் வாசல் திறப்பு. முடிந்ததும் நேர் எதிர். வாசலை அடைத்து, நாற்காலி எடுத்து, அப்புறம்தான் பந்தலைப் பிரிப்பார்கள். ஆள் வந்துகொண்டிருக்கும்போதே பந்தலைப் பிரித்தால் கம்பு தலையில் விழும்! டிரைவரும் மணியை நிறுத்தாமல் மெமரியைத் திருப்பித் தந்தால், நடுவில் மணி அடித்து கம்ப்யூட்டரே விழுந்துவிடும்.

நாற்காலி கிடைக்காமல் விசேஷம் நின்றுபோனாலும் பந்தலைத் திருப்பித் தரணும் இல்லையா? இல்லேன்னா வாடகை ஏறிக்கிட்டே போகும். டிரைவரும் பாதியில் தோற்றால் அதுவரை வாங்கியதை விட்டுவிடணும். பல டிரைவர்களில் இந்த இடத்தில்தான் ஓட்டை இருக்கும்.

சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பிலும் வந்தது. லினக்ஸ் டிரைவர்களை யாரும் திறந்து படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். வயது கேட்க மாட்டார்கள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. நாமும் படிப்போமா?