மென்பக்கவாதமும் ஊக்கமும்

நோய்ப்பெயர் நோயின் இயல்பை உணர்த்துவதோடு அமையாது, நோயுற்றார் தம் நிலையை எங்ஙனம் கருதுவர் என்பதையும் வரையறுக்கும் ஆற்றலுடையது. பக்கவாதம் என்னும் பெயர் இதற்குத் தக்க சான்றாகும். பாரிசவாயு என்னும் வழக்கும் இப்பொருளதே. இரண்டும் உடலின் ஒரு பாதி செயலிழத்தலையும், அதற்குக் காரணமாக முன்னோர் கருதிய வளியையும் சுட்டுவன. இன்றைய மருத்துவமோ, மூளைக்குக் குருதி செலுத்தும் குழாய் அடைபடுதலாலோ வெடித்தலாலோ இந்நோய் தோன்றும் என விளக்கும். எனவே, நோய்க்கு இடம் மூளை. பெயர் சுட்டுவது விளைவையே.

இவ்வேறுபாடு நோய் மெல்லிதாக வருங்கால் குழப்பம் விளைக்கின்றது. நோயின் கடுமையை அளக்க அமெரிக்க நாட்டில் வகுக்கப்பட்ட அளவுகோல் 0 முதல் 42 வரை மதிப்பெண் உடையது. அதில் 5-க்கு மேற்படாதவரை மென்னோயாளர் எனப் பல ஆய்வாளர் கொள்வர். இவர்க்குக் கைகால்கள் பெரிதும் இயங்கும். பக்கம் வீழாமையால் நோய் நீங்கிற்று என்று சிலர் பழைய வாழ்க்கைக்கே மீள்வர். மறுபடியும் தாக்குமோ என அஞ்சிச் சிலர் அசையாதிருப்பர். இரண்டும் தீங்கு பயப்பனவே. மறுதாக்குதலைத் தடுக்கும் வழிகளுள் உடலியக்கமும் ஒன்றாதலின், இயலுவோர் மிதமான இயக்கத்தைக் குறைந்தது 10 நிமிடமாக, வாரத்திற்கு நான்கு முறையேனும் மேற்கொள்க என்று 2021ஆம் ஆண்டின் அமெரிக்க நெறிமுறை வற்புறுத்துகின்றது. மருத்துவர் கருத்தறிந்து தொடங்கும் விரைநடையே இதற்குப் போதும்.

இத்துணை எளிய செயல் கைகூடாமைக்குக் காரணம் யாது? ஈண்டுச் சொற்பொருள் வேறுபாடு ஒன்று துணைசெய்யும். திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்பன அடுத்தடுத்து நிற்கும் அதிகாரங்கள். மடி என்பது செய்ய இயன்றும் செய்யாமை. நோய்க்குப்பின் வரும் அயர்வோ அன்னதன்று, அது மூளை ஊறுபட்டமையின் தொடர்விளைவு, உறங்கி எழுந்தும் நீங்காதது, மென்னோயாளரையும் விடாதது. புறத்தே ஊனம் காணாத சுற்றத்தார் இவ்வயர்வை மடி எனக் கொண்டு இடித்துரைப்பர். நோயுற்றார் மூவருள் ஏறத்தாழ ஒருவரைப் பற்றும் மனச்சோர்வும் இவ்வாறே பிழைபட உணரப்படும். இடித்துரை ஊக்கத்தைக் கெடுக்குமேயன்றி வளர்க்காது. இதற்கு மறுதலையாக, எழவும் விடாது ஏவல் செய்யும் அன்பும் தடையே ஆகும். விழுந்துவிடுவோம் என்னும் அச்சமும், நடத்தற்குரிய பாதையின்மையும் இவற்றோடு சேரும்.

இனி, ஊக்கம் பிறக்கும் வழி யாது? இதனை என்னால் செய்தல் கூடும் என்னும் தன்னம்பிக்கையே செயலுக்கு அடிப்படை என 1977இல் பந்தூரா என்னும் உளநூலறிஞர் நிறுவினார். அந்நம்பிக்கை அறிவுரையால் மட்டும் வாராது. சிறு செயலைச் செய்துமுடித்த பட்டறிவால் வலுப்பெறும். இன்று தெருமுனை வரை நடந்தவர் நாளை அதற்கப்பால் நடப்பர். உடன் நடக்கும் தோழரும், பேரனைப் பள்ளியிற் சேர்த்தல் போன்ற பயனுடைய நோக்கமும் இதற்குத் துணையாவன. ஆகவே, ஊக்கம் முன்னரும் ஆள்வினை பின்னருமாகவே நிகழும் என்பதில்லை; சிறிய ஆள்வினையே ஊக்கத்தை ஈனுதலும் உண்டு.

மடியையும் அயர்வையும் வேறுபடுத்தி வழங்குதல் சொல்லாராய்ச்சியின் பாற்பட்டதாகத் தோன்றினும், நோயுற்றார் ஒருவர் மீண்டும் எழுந்து நடத்தற்கும் அதுவே முதற்படியாதல் கூடும்.