ஒரே இரவில் வரும் தீர்ப்பு

1995 நவம்பர் 20, திங்கட்கிழமை இரவு. பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் இளவரசி டயானா பேசினார். பிரிட்டனில் ஏறத்தாழ 2.3 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள். கணவர் சார்ல்ஸின் இன்னோர் உறவு, தன்னை வாட்டிய மனச்சோர்வு, உணவுக் கோளாறு, தன் பங்குக்குத் தானும் வேறொருவரைக் காதலித்தது, சார்ல்ஸுக்கு அரச பதவி பொருந்துமா என்ற ஐயம் என எல்லாம் அந்தப் பேட்டியில் இருந்தன. யார் பக்கம் நியாயம் என்று மக்கள் முடிவு கட்ட ஒரே இரவு போதுமானதாக இருந்தது. அந்தப் பேட்டிக்குப் பின்னால் போலி ஆவணங்கள் இருந்ததை முறைப்படி உறுதிசெய்த அறிக்கை வெளிவந்த நாளோ 2021 மே 20. இடையில் இருபத்தைந்தரை ஆண்டுகள்.

அரச குடும்பத்துப் புழுக்கங்கள் தொலைக்காட்சிக்கு வரும்போதெல்லாம் நாம் கவனிக்கத் தவறுவது இந்தக் கால இடைவெளியைத்தான். பேட்டி கொடுப்பவர் பொய் சொல்கிறார் என்பதல்ல என் வாதம். பெரும்பாலும் அவர்கள் தங்களுக்கு நேர்ந்ததாக நம்புவதையே சொல்கிறார்கள். ஆனால் எதிர்த்தரப்பு இல்லாத, ஆவணம் கேட்கப்படாத, குறுக்கு விசாரணை நடக்காத ஒரு பஞ்சாயத்தில் கோடிக்கணக்கானோரை நடுவராக உட்கார வைத்து, விடிவதற்குள் தீர்ப்பும் வாங்கிவிடுகிறார்கள்.

டயானாவின் பேட்டி வானத்திலிருந்து குதித்ததல்ல. 1992-இல் ஆண்ட்ரூ மார்ட்டன் எழுதிய புத்தகத்துக்கு அவரே ரகசியமாக ஒலிநாடாக்களில் பேசிக் கொடுத்திருந்தார். அதற்குப் பதில் போல 1994 ஜூனில் சார்ல்ஸ், ஜோனதன் டிம்பிள்பியிடம் ஐடிவி ஆவணப்படத்தில் பேசினார். மணவாழ்க்கை மீட்க முடியாதபடி முறிந்த பிறகு தான் மனைவிக்கு உண்மையாக இருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பதில்தான் பனோரமா. ஒவ்வொரு வெளிப்பாடும் முந்தையதைவிடக் காரமாக இருந்தாக வேண்டிய நிலை. பனோரமா ஒளிபரப்பான நாள் அரசியின் 48-ஆவது திருமண நாள். பிபிசி தலைவர் மார்மடியூக் ஹஸ்ஸிக்கே முன்கூட்டி விவரம் சொல்லப்படவில்லை. அவர் மனைவி அரசியின் பணிமகளாக இருந்தார் என்பதால் செய்தி அரண்மனைக்குப் போய்விடும் என்ற அச்சம். ஒரு மாதத்துக்குள் அரசி இருவருக்கும் கடிதம் எழுதி மணவிலக்கை விரைவுபடுத்தச் சொன்னார். 1996 ஆகஸ்ட் 28-இல் அது முடிந்தது.

ஓய்வுபெற்ற நீதிபதி லார்டு டைசனின் 127 பக்க அறிக்கை இந்தக் கதையின் மறுபக்கத்தைத் திறந்தது. பேட்டி எடுத்த மார்ட்டின் பஷீர், போலி வங்கிக் கணக்கு அறிக்கைகளைத் தயாரிக்கச் செய்து டயானாவின் தம்பி ஏர்ல் ஸ்பென்சரிடம் காட்டினார். பாதுகாப்புக்கென்று இருந்தவர்களே பணம் வாங்கிக்கொண்டு வேவு பார்க்கிறார்கள் என்ற எண்ணம் விதைக்கப்பட்டது. ஸ்பென்சர் 1995 செப்டம்பர் 19-இல் பஷீரை அக்காவுக்கு அறிமுகப்படுத்தினார். ஏழு வாரத்தில் ஒளிப்பதிவு நடந்தது. 1996-இல் பிபிசியே உள்ளுக்குள் ஒரு விசாரணை நடத்தி பஷீரை நேர்மையானவர் என்று விடுவித்தது. போலி அறிக்கைகளை வரைந்து கொடுத்து, பின்னர் தன் கவலையைத் தெரிவித்த வரைகலைஞருக்கோ பிபிசியில் வேலை கிடைக்காமல் போனது. பஷீர் 2016-இல் மத விவகாரச் செய்தியாளராக மீண்டும் பிபிசிக்குள் வந்தார்.

இதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. பஷீர் தனக்கு எந்த ஆவணத்தையும் காட்டவில்லை, பேட்டி குறித்து வருத்தமில்லை என்று 1995 டிசம்பரில் டயானா தன் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். நம்பகமான ஒரு செய்தியாளர் கேட்டிருந்தால் அவர் எப்படியும் பேசியிருக்கக்கூடும் என்பது டைசனின் கணிப்பு. ஆகவே பேட்டி முழுவதும் மோசடி என்று இப்போது புரட்டிப்போடுவதும் அதே அவசரத்தின் மறுவடிவம்தான். அவர் வார்த்தைகள் அவருடையவை. அவற்றைப் பேச வைத்த சூழலில் நஞ்சு கலந்திருந்தது. 1995-இல் பார்த்த எவருக்கும் இரண்டாவது பாதி தெரியாது. ஒளிபரப்பின்போது 13 வயதாகி ஈட்டன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் வில்லியம், அறிக்கை வந்த அன்று கேமரா முன் நின்று, தாயின் கடைசி ஆண்டுகளின் அச்சத்துக்கும் தனிமைக்கும் பிபிசியின் தவறுகள் கணிசமாகக் காரணமாயின என்றார்.

இதற்கு இரண்டரை மாதம் முன்புதான், 2021 மார்ச் 7-இல், டயானாவின் இளைய மகன் ஹாரியும் அவர் மனைவி மேகனும் ஓப்ரா வின்ஃப்ரீயிடம் பேசியிருந்தார்கள். அமெரிக்காவில் சிபிஎஸ் முதல் கணக்கில் 1.71 கோடிப் பார்வையாளர்கள். மறுநாள் பிரிட்டனில் ஐடிவி வழியாக ஒரு கோடிக்கும் மேல். உடனே யூகவ் நடத்திய கருத்துக்கணிப்பில் 36 விழுக்காட்டினர் அரசிக்கும் அரச குடும்பத்துக்கும், 22 விழுக்காட்டினர் இந்தத் தம்பதிக்கும் அனுதாபம் காட்டினார்கள். வயதுவாரியாகப் பிரித்தால்தான் உண்மை முகம் தெரியும். 18 முதல் 24 வயதுக்காரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தம்பதி பக்கம். 65-ஐத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேல் அரண்மனை பக்கம். எல்லோரும் கேட்டது ஒரே பேட்டிதான். சாட்சியத்தை எடைபோட்டிருந்தால் வயதை வைத்து இவ்வளவு சுத்தமாகப் பிளவு விழுந்திருக்காது. முடியாட்சி, இனவெறி, மனநலம், பத்திரிகை பற்றி அவரவர் ஏற்கெனவே வைத்திருந்த கருத்துக்கு அந்த நிகழ்ச்சி ஒரு வாக்குச்சாவடியாக அமைந்தது, அவ்வளவே.

பேட்டியில் சரிபார்க்கக்கூடிய பகுதிகளும் இருந்தன. அவற்றின் கதி என்ன? தேவாலயத் திருமணத்துக்கு மூன்று நாள் முன்பே தங்களுக்கு மணம் முடிந்துவிட்டது என்றார் மேகன். சட்டப்படியான திருமணம் தேவாலயத்தில் சனிக்கிழமைதான் நடந்தது, நடக்காததைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் தான் குற்றம் செய்தவராவேன் என்று கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அந்த மாத இறுதியில் விளக்கினார். மகன் ஆர்ச்சிக்கு இளவரசர் பட்டம் மறுக்கப்பட்ட விஷயம் இன்னும் தெளிவானது. ஐந்தாம் ஜார்ஜ் 1917-இல் வகுத்த விதிப்படி, ஆட்சியிலிருக்கும் அரசரின் மகன்வழிப் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பட்டம் உண்டு. கொள்ளுப்பேரர்களில் வேல்ஸ் இளவரசருடைய மூத்த மகனின் மூத்த மகனுக்கு மட்டுமே அந்த விதி அதைத் தந்தது. ஆர்ச்சி பிறந்தபோது அவன் அரசியின் கொள்ளுப்பேரன். 2022 செப்டம்பர் 8-இல் சார்ல்ஸ் அரசரானதும் பேரன் ஆனான்; 2023 மார்ச்சில் அரண்மனை இணையதளத்தில் பட்டம் ஏறியது. ஆர்ச்சி விஷயத்தில் அந்த விதியையே மாற்றப் பேச்சு நடந்தது என்பது மேகனின் கூடுதல் குற்றச்சாட்டு. அது நமக்குத் தெரியாத அறைக்குள் நடந்த பேச்சு. ஆனால் விதி இன்னதென்று ஐந்து நிமிடத்தில் எவரும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பட்டம் மறுக்கப்பட்டதற்குத் தோல் நிறமே காரணம் என்ற வாசகம் உலகம் சுற்றி முடித்த பிறகு, 1917 யாருக்கு வேண்டும்?

நிறம் பற்றிய குற்றச்சாட்டைத்தான் நான் ஆபத்தானதாக எண்ணுகிறேன். பிறக்கப்போகும் குழந்தை எவ்வளவு கருப்பாக இருக்கும் என்று குடும்பத்தில் கவலை தெரிவிக்கப்பட்டதாக மேகன் சொன்னார். அவர் சொன்னபடி அது கர்ப்ப காலத்தில் நடந்தது. ஹாரி சொன்னபடி உறவின் தொடக்கத்தில் நடந்த ஒரு பேச்சு. ஆளின் பெயரை இருவரும் சொல்லவில்லை. அரசியும் அவர் கணவர் பிலிப்பும் அல்ல என்று மட்டும் மறுநாள் காலை ஓப்ரா வழியே தெரிவிக்கப்பட்டது. இருவரை விலக்கியதால் மிச்சமிருந்த ஒவ்வொருவர் மீதும் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. அவர்களில் ஒருவராவது அப்படிப் பேசியிருக்கலாம். பேசாத மற்றவர்களும் சேர்ந்தே சுமந்தார்கள். அரண்மனை 61 சொற்களில் ஓர் அறிக்கை விட்டது: நிறம் பற்றிய விஷயம் கவலைக்குரியது, நினைவுகள் ஆளுக்கு ஆள் வேறுபடலாம், குடும்பத்துக்குள் பேசிக்கொள்வோம். கிழக்கு லண்டன் பள்ளியொன்றுக்குப் போன வில்லியம், நாங்கள் இனவெறிக் குடும்பம் அல்ல என்று நடந்துகொண்டே ஒரு வரி சொன்னார். 2023 ஜனவரியில் ஐடிவியின் டாம் பிராட்பியிடம் ஹாரி பேசியபோது, குடும்பத்தினரை இனவெறியர் என்று தான் குற்றம் சாட்டவே இல்லை, அப்படிச் சொன்னது பிரிட்டிஷ் பத்திரிகைகள் என்றார். இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் கோடிக்கணக்கானோர் ஒரு பொருளில் எடுத்துக்கொண்டிருந்த சொல்லுக்கு, சொன்னவரே தந்த திருத்தம் இது. முதல் பேட்டியைப் பார்த்தவர்களில் இதைக் கேட்டவர்கள் சிறு பகுதியினர்தான்.

எதிர்ப்பக்க அவசரமும் சளைத்ததல்ல. உயிரோடு இருக்கவே விரும்பாத நிலைக்குத் தான் போனதாகவும் உதவி கேட்டுக் கிடைக்கவில்லை என்றும் மேகன் சொன்னதை, ஒரு சொல்லையும் நம்பவில்லை என்று தொலைக்காட்சித் தொகுப்பாளர் பியர்ஸ் மார்கன் தன் காலை நிகழ்ச்சியில் உதறித் தள்ளினார். ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமுக்கு 57,000-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன; விதி மீறல் இல்லை என்று செப்டம்பரில் முடிவானது. ஒருவர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லும்போது அதை உறுதிப்படுத்தவோ பொய்யென்று காட்டவோ பார்வையாளரிடம் எந்தக் கருவியும் கிடையாது. அந்த இடத்தில் பேசாமல் இருக்க மார்கனுக்கும் தெரியவில்லை, அவரைத் திட்டியவர்களில் பலருக்கும் தெரியவில்லை.

லாபக் கணக்கையும் ஓரமாக வைத்துவிட முடியாது. தம்பதிக்குப் பணம் தரப்படவில்லை என்று நிகழ்ச்சியிலேயே சொல்லப்பட்டது. ஓப்ராவின் நிறுவனத்துக்கு சிபிஎஸ் 70 முதல் 90 லட்சம் டாலர் வரை கொடுத்ததாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. விளம்பர நேரம் விற்கப்படுவது நாம் அமைதியாகக் கேட்டுவிட்டுத் தூங்கப் போவதற்காக அல்ல.

இந்தக் குறைகளுக்கு வேறு களமே இல்லாமல் போய்விடவில்லை. தந்தைக்கு எழுதிய கடிதத்தை மெயில் ஆன் சண்டே வெளியிட்டதை எதிர்த்து மேகன் வழக்குப் போட்டார். ஓப்ரா பேட்டிக்கு ஒரு மாதம் முன்பு உயர் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. மிரர் குழுமப் பத்திரிகைகள் சட்டவிரோதமாகத் தகவல் திரட்டியதாக ஹாரி தொடுத்த வழக்கில் 2023 டிசம்பரில் அவருக்கு 1,40,600 பவுண்ட் இழப்பீடு கிடைத்தது. ரூபர்ட் முர்டோக்கின் பிரிட்டிஷ் பத்திரிகைக் குழுமம் 2025 ஜனவரியில் சமரசத்துக்கு வந்து, டயானாவின் வாழ்வில் தலையிட்டதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டது. பத்திரிகைகள் பற்றி இந்தக் குடும்பம் சொன்னதில் கணிசமான பகுதி இப்படிக் காகிதங்களோடு நிரூபணமானது. பொதுமக்களின் ஆர்வமோ, திருமணத்துக்கு முன் மலர்ச்சிறுமியின் உடை விஷயத்தில் வில்லியமின் மனைவி கேட் அழுதாரா மேகன் அழுதாரா என்பதில் நின்றுவிட்டது.

நீதிமன்றமும் ஹாரிக்கு எப்போதும் சாதகமாக இருந்ததில்லை. 2025 மே 2-இல், பிரிட்டனில் தன் பாதுகாப்பு குறைக்கப்பட்டதை எதிர்த்த மேல்முறையீட்டில் அவர் தோற்றார். அவருடைய மனக்குறை புரிகிறது, ஆனால் அது சட்ட வாதமாக உருவெடுக்கவில்லை என்பது நீதிபதி சர் ஜெஃப்ரி வாஸ் சொன்னதன் சாரம். அன்றே பிபிசிக்குப் பேட்டி கொடுத்த ஹாரி, இந்தப் பாதுகாப்பு விவகாரத்தால் தந்தை தன்னோடு பேசுவதில்லை என்றும் தந்தைக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறதோ தெரியவில்லை என்றும் சொன்னார். சார்ல்ஸ் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த நேரம் அது. அந்த வாரம் தலைப்புச் செய்திகளில் ஓடியது தந்தையைப் பற்றிய அந்த வரிதான்.